லெங்கெங், டிரெஸ்டன், பெர்லின்: ஜெர்மானிய வெளிப்பாட்டியமும் நம் நாட்டு ஓவியமும்



சென்ற தவணையில் ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு இரண்டு படங்களைத் திரையில் போட்டுக் காட்டினேன். முதலாவது, எர்ன்ஸ்ட் லூட்விக் கிர்ச்னர் 1913-இல் வரைந்த பெர்லின் தெரு. இறகு வைத்த தொப்பியோடு இரண்டு பெண்கள், கத்தியால் சீவியது போன்ற கோடுகள், யாருக்கும் யாரோடும் ஒட்டாத முகங்கள். இரண்டாவது, நம் நாட்டு ஓவியர் லத்திஃப் மொஹிடின் 1960-களில் வரைந்த ‘பாகோ பாகோ’ வரிசையில் ஒரு படம். பெயரைச் சொன்னதுமே பின்வரிசையில் ஒருவன் “பக்கோடாவா டீச்சர்?” என்றான். வகுப்பே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும், லூக்குட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வரும் மாணவர் ஒருவர் கேட்டார்: “டீச்சர், ரெண்டுலயும் கறுப்புக் கோடு தடியா இருக்கு. இவரு அவங்க படத்தப் பாத்துக் காப்பி அடிச்சதுதானே?”

எனக்கு உடனே பதில் வரவில்லை. காரணம், பட்டயப் படிப்புத் தேர்வில் நானும் இதையேதான் எழுதியிருந்தேன். கொஞ்சம் மரியாதையான தமிழில், அவ்வளவுதான். “லத்திஃப் மொஹிடின் ஜெர்மானிய வெளிப்பாட்டுப் பாணியைப் பின்பற்றினார்” என்று ஒரு வரி. மதிப்பெண்ணும் கிடைத்தது. அந்த வரி சரியா என்று அப்போது நான் யோசிக்கவே இல்லை. இந்தக் கட்டுரை அந்த ஒரு வரியைத் திருத்தி எழுதும் முயற்சி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஜெர்மானியர்களிடமிருந்து தொடங்குவோம். 1905-இல் டிரெஸ்டன் நகரில் கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்த நான்கு மாணவர்கள் ஒரு குழு அமைத்தார்கள். கிர்ச்னர், ஃபிரிட்ஸ் பிளெயில், எரிஹ் ஹெக்கெல், கார்ல் ஷ்மிட்-ரொட்லுஃப். குழுவுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘டி புருக்க’, தமிழில் ‘பாலம்’. பழைய கலையிலிருந்து வரப்போகும் கலைக்கு ஒரு பாலம் என்ற எண்ணம். நால்வரும் இருபதுகளில் இருந்த இளைஞர்கள். முறையான ஓவியப் பயிற்சி அவர்களுக்குக் குறைவு. அதுவே ஒரு வகையில் வசதியாகவும் போனது. கண்ணுக்குத் தெரிவதை அப்படியே வரைவது அவர்களின் நோக்கமல்ல. மனத்தில் எழும் உணர்ச்சியை நிறமாகவும் கோடாகவும் வெளியே கொட்ட வேண்டும். முகம் பச்சையாக இருக்கலாம், வானம் சிவப்பாக இருக்கலாம், தெரு சாய்ந்து விழலாம். இதைத்தான் வெளிப்பாட்டியம், அதாவது எக்ஸ்பிரஷனிசம் என்கிறோம். மரப்பலகையைச் செதுக்கி மை தடவி அச்செடுக்கும் முறையை இவர்கள் மிகவும் விரும்பினார்கள். அந்தத் தடித்த கறுப்புக் கோடு அங்கிருந்துதான் எண்ணெய் ஓவியத்துக்குள்ளும் ஏறியது. 1911-இல் குழு பெர்லினுக்கு இடம் பெயர்ந்தது. 1913-இல் தங்களுக்குள் சண்டை வந்து கலைந்தது. எட்டே ஆண்டுகள்தான்.

மியூனிக்கில் 1911-இல் கண்டின்ஸ்கியும் ஃபிரான்ஸ் மார்க்கும் தொடங்கிய ‘நீலக் குதிரைவீரன்’ குழுவையும் தேர்வில் கேட்பதுண்டு. அதைப் பாடநூலில் படித்துக்கொள்ளலாம். நம் கதைக்கு டிரெஸ்டன்தான் முக்கியம்.

ஏன் டிரெஸ்டன்? அங்கே ஓர் இனவியல் அருங்காட்சியகம் இருந்தது. ஆப்பிரிக்கச் சிற்பங்களோடு, பசிபிக் பெருங்கடலில் உள்ள பலாவ் தீவின் மரச் செதுக்கு உத்தரங்களும் அங்கே வைக்கப்பட்டிருந்தன. பலாவ் மக்கள் தங்கள் பொதுக்கூடங்களின் உத்தரங்களில் கதைகளைச் செதுக்கி வண்ணம் தீட்டுவார்கள். தட்டையான உருவம், கூர்மையான வெட்டு, தயங்காத நிறம். அவற்றைப் பார்த்த கிர்ச்னர் அசந்துபோனார். ‘பாலம்’ குழுவினரின் உருவங்களில் கோணங்கள் கூர்மையானதற்கு அந்த உத்தரங்களும் ஒரு காரணம். பலாவ் அப்போது ஜெர்மனியின் காலனி. அதனால்தான் அந்தத் தீவின் பொருட்கள் ஜெர்மன் நகரங்களுக்கு வந்து சேர்ந்தன. யாருடைய வீட்டு உத்தரம் யாருடைய கண்ணாடிப் பெட்டிக்குள் போனது என்பதும் இந்த வரலாற்றின் ஒரு பகுதிதான்.

பிறகு அவர்களே கிளம்பி வந்தார்கள். எமில் நோல்டே 1913-இல் ஜெர்மன் காலனித்துறைப் பயணக் குழுவோடு நியூ கினிக்குப் போனார். மாக்ஸ் பெஹ்ஷ்டைன் 1914-இல் பலாவுக்கே போய்க் குடியிருக்க நினைத்தார். சில மாதங்களில் முதல் உலகப்போர் மூண்டது, ஜப்பானியப் படை தீவைப் பிடித்தது, அவரும் கைதியானார்.

ஆக, ஐரோப்பாவின் ‘நவீனம்’ என்று நாம் படிக்கிற ஒன்றின் வேரில் நம் பக்கத்துக் கடல்களின் மரச் செதுக்கு இருக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

1937-இல் நாஜி அரசு மியூனிக்கில் ‘சீரழிந்த கலை’ என்று ஒரு கண்காட்சி நடத்தியது. ஏறத்தாழ 650 படைப்புகளை மாட்டிவைத்து, சுவரில் கேலி வாசகங்களை எழுதி, மக்களைக் கூப்பிட்டுக் காட்டியது. வெளிப்பாட்டிய ஓவியர்களே அதில் முதன்மைக் குற்றவாளிகள். அருங்காட்சியகங்களிலிருந்து பறிமுதல் செய்யப்பட்டவற்றில் நோல்டேயின் படைப்புகள் மட்டும் ஆயிரத்துக்கு மேல். இதில் கசப்பான வேடிக்கை, நோல்டே நாஜிகளின் ஆதரவாளர்! அவருக்கும் விலக்கு கிடைக்கவில்லை. கிர்ச்னர் அடுத்த ஆண்டு சுவிட்சர்லாந்தில் தற்கொலை செய்துகொண்டார். போர் முடிந்தபின், தப்பியவர்களைத் தேடிப் பிடித்து பெர்லின் நுண்கலைக் கல்லூரியில் ஆசிரியர்களாக அமர்த்தினார்கள். பெஹ்ஷ்டைன், ஷ்மிட்-ரொட்லுஃப் இருவரும் அங்கே பாடம் நடத்தினார்கள்.

அந்தக் கல்லூரிக்குத்தான் 1960-இல் நம் நெகிரி செம்பிலானில் பிறந்த ஓர் இளைஞர் போய்ச் சேர்ந்தார்.

லத்திஃப் மொஹிடின் 1941-இல் லெங்கெங்கில் பிறந்தவர். போர்டிக்சனில் இருக்கும் நமக்கு லெங்கெங் ஒன்றும் தூரமில்லை. சிரம்பானைத் தாண்டி மந்தின் பக்கம் போனால் வந்துவிடும். சிறுவயதில் சிங்கப்பூருக்குக் குடிபெயர்ந்து, கம்போங் கிளாம் வட்டாரத்தில் கோத்தா ராஜா மலாய்ப் பள்ளியில் படித்தார். 1951-இல், பத்து வயதில், அந்தப் பள்ளியிலேயே அவருடைய ஓவியங்களைக் கண்காட்சியாக வைத்தார்கள். அதிசயச் சிறுவன் என்று பத்திரிகைகள் எழுதின. (பள்ளிச் சுவரில் மாணவர் படங்களை மாட்ட இடமில்லை என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்தச் செய்தி நினைவுக்கு வரும்.) பத்தொன்பது வயதில் ஜெர்மன் உதவித்தொகை கிடைத்து மேற்கு பெர்லினுக்குப் போனார். 1964 வரை அங்கே படிப்பு.

அவர் போனபோது பெஹ்ஷ்டைன் உயிரோடு இல்லை, ஷ்மிட்-ரொட்லுஃபும் கற்பிப்பதை நிறுத்திவிட்டிருந்தார். ஆனால் அந்த மரபு கல்லூரியின் காற்றில் இருந்தது. அவர் போன மறு ஆண்டு, 1961 ஆகஸ்ட் 13-ஆம் நாள், நகரத்தின் நடுவே சுவர் எழும்பத் தொடங்கியது. இரண்டாகப் பிளந்த ஊரில், குளிரில், வீட்டை விட்டு பத்தாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறான் ஒரு மலாய் இளைஞன். கிர்ச்னர் வரைந்த அந்த ஒட்டாத முகங்கள் அவனுக்கு நன்றாகவே புரிந்திருக்க வேண்டும்.

அப்படியானால் அவர் பெர்லின் தெருக்களை வரைந்துகொண்டு இருந்திருக்கலாம், இல்லையா? அங்கேதான் திருப்பம். பெர்லினில் இருக்கும்போதே அவருடைய படங்களில் பகோடா வடிவங்கள் வரத் தொடங்கின. தென்கிழக்காசியாவை அவர் ஜெர்மனியில் வைத்துத்தான் கண்டெடுத்தார் என்று சொன்னால் தவறில்லை. வெளியூரில் இருக்கும்போதுதான் வீட்டுச் சமையல் வாசனை மூக்கில் வரும் என்பார்களே, அது மாதிரி. பெர்லினின் டாலெம் வட்டாரத்து அருங்காட்சியகங்களிலும் நம் வட்டாரக் கலைப் பொருட்கள் இருந்தன. டிரெஸ்டனில் கிர்ச்னருக்கு நடந்ததும் பெர்லினில் லத்திஃபுக்கு நடந்ததும் ஒரே மாதிரியான நிகழ்ச்சி அல்ல. கிர்ச்னர் பார்த்தது பிறருடைய பொருளை. லத்திஃப் தேடியது தன் சொந்த வட்டாரத்தை.

1964-இல் திரும்பி வந்தவர் ஓரிடத்தில் உட்காரவில்லை. தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா என்று சுற்றினார். கையில் குறிப்பேடு, ஒரு பக்கம் கோட்டுப்படம், மறுபக்கம் கவிதை. 1972-இல் வெளிவந்த ‘சுங்கை மெக்கோங்’ என்னும் கவிதைத் தொகுப்பு அந்தப் பயணங்களின் பயன்தான். மலாய் இலக்கியம் படிக்கும் நம் மாணவர்கள் அவரைக் கவிஞராக அறிந்திருப்பார்கள், ஓவியராக அறியாமல் இருக்கலாம். 1984-இல் தென்கிழக்காசிய எழுத்து விருதும் பெற்றவர்.

இந்தக் காலத்தில் உருவானதே ‘பாகோ பாகோ’ வரிசை. ‘பகோடா’ என்ற சொல்லிலிருந்து எழுந்த பெயர். பசிபிக்கில் அதே பெயரில் ஓர் ஊர் இருக்கிறது, அமெரிக்க சமோவாவின் தலைநகர்; அதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பக்கோடா என்று சிரித்த பையனுக்கும் ஒரு செய்தி சொன்னேன்: பழைய சென்னையில் நம் வராகன் நாணயத்தை ஆங்கிலேயர்கள் ‘பகோடா’ என்றுதான் அழைத்தார்கள். சொற்களும் கப்பலேறிச் சுற்றுகின்றன.

படத்தைக் கவனித்துப் பாருங்கள். கீழே அகன்று, மேலே கூம்பி எழும் ஒரு வடிவம். கோயில் கூரை போலவும் இருக்கும், மண்ணைப் பிளந்து வரும் மூங்கில் குருத்து போலவும் இருக்கும். சிப்பி, கிழங்கு, முள், இலை எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து நிற்கும். கட்டடமா செடியா என்று கடைசிவரை தீர்மானிக்க முடியாது. சோங்கெட் துணியில் வரிசையாக வரும் முக்கோண ‘புச்சோக் ரெபோங்’ வடிவத்தை நம் மாணவர்கள் ஒன்றாம் படிவத்திலிருந்தே வரைகிறார்கள். அதையும் இந்தப் படத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால், நாம் விளக்கம் சொல்ல வேண்டிய வேலை பாதி குறைந்துவிடும்.

ஜெர்மானியர்களிடமிருந்து இதில் வந்தது என்ன? தடித்த கறுப்பு எல்லைக்கோடு வந்திருக்கிறது. பார்த்ததைப் பார்த்தபடி வரைய வேண்டியதில்லை என்ற துணிச்சல் வந்திருக்கிறது. என் கருத்தில் இரண்டாவதுதான் பெரிய கொடை. கோட்டை யாரிடமும் கற்கலாம். வராதது என்ன என்பதையும் கேட்க வேண்டும். மாநகரத்துப் பதற்றம் வரவில்லை. வதைபடும் மனித முகம் வரவில்லை. கிர்ச்னரின் கோடு எல்லாவற்றையும் வெட்டிப் பிரிக்கிறது. லத்திஃபின் கோடு வெவ்வேறு பொருட்களைச் சேர்த்துக் கட்டுகிறது. ஒரே கருவி, வேறு வேலை. பால் மரம் சீவும் கத்தியும் கத்திதான், சமையலறைக் கத்தியும் கத்திதான்.

2018-இல் பாரிஸ் பொம்பிடூ மையம் இந்த வரிசையைத் தனிக் கண்காட்சியாக வைத்தது. சிங்கப்பூர் தேசியக் கலைக்கூடமும் அதில் பங்காளி. ஐரோப்பாவில் படித்துத் திரும்பியவரின் படங்கள், ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஐரோப்பாவுக்கே பாடம் சொல்லப் போயின.

லத்திஃப் ஒருவரை மட்டும் வைத்து எழுதினால் வரலாறு முழுமையாகாது. அதே காலத்தில் வேறொரு பாதையும் இருந்தது. அதில் நடந்தவர்களில் பலர் ஆசிரியர்கள் என்பதால் நமக்கு அது இன்னும் நெருக்கமானது. மூவாரில் 1929-இல் பிறந்த சையட் அஹ்மாட் ஜமால் லண்டன் செல்சி கலைப்பள்ளியில் படித்து, கலையாசிரியர் பயிற்சியும் பெற்றவர். இங்கிலாந்தின் கெர்க்பியில் மலாயா ஆசிரியர்களுக்காக இயங்கிய கல்லூரியில் கற்பித்தார். பிறகு செராஸ் சிறப்பாசிரியர் பயிற்சிக் கழகத்திலும் பணியாற்றினார். அவரை ஈர்த்தது வெளிப்பாட்டியத்தின் அடுத்த பிறவி. போருக்குப் பின் நியூயார்க்கில் வளர்ந்த அரூப வெளிப்பாட்டியம். அங்கே உருவமே தேவையில்லை; தூரிகையின் வீச்சே உணர்ச்சி. 1959-இல் அவர் வரைந்த ‘உம்பான்’, அதாவது ‘இரை’ என்ற ஓவியம் இன்று நம் ஓவிய வரலாற்றின் மைல்கல்லாகப் பேசப்படுகிறது. வேகமாக வீசிய கோட்டில் அரபு, ஜாவி எழுத்தின் ஓட்டத்தை நினைவூட்டும் ஒரு தன்மை இருப்பதால், இந்தப் பாணி இங்கே அந்நியமாகப் படவில்லை என்று கலை வரலாற்றாசிரியர்கள் விளக்குவார்கள். ஏற்கெனவே கை பழகியிருந்த எழுத்து வழியாகப் புதிய பாணி உள்ளே நுழைந்தது.

மெர்டேக்காவுக்கு மறு ஆண்டு, 1958-இல், கோலாலம்பூரில் தேசியக் கலைக்கூடம் திறக்கப்பட்டது. புது நாடு, புதுக் கூடம், சுவரில் மாட்டப் புதிய மொழி தேவைப்பட்டது. கிராமம், கடற்கரை, தென்னைமரம் வரைந்த நீர்வண்ணப் படங்கள் வெள்ளைக்காரர் கண்ணுக்கான காட்சிகள் என்று இளைஞர்களுக்குப் பட்டது. அந்த நேரத்தில் அரூப ஓவியம் ஒரு விடுதலையாகத் தெரிந்ததில் வியப்பில்லை. பள்ளிச் சுற்றுலாவில் முசியும் நெகாராவுக்குப் போகிறோமே, அதன் முகப்பில் இரண்டு பக்கமும் நீண்டு கிடக்கும் கண்ணாடிச் சில்லு ஓவியங்களை வடிவமைத்த சியோங் லாய் தோங்கும் அந்தத் தலைமுறை அரூப ஓவியர்தான். மாணவர்கள் அதற்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். வரைந்தவர் பெயர் யாருக்கும் தெரியாது.

1969 மே 13-க்குப் பிறகு சூழல் மாறியது. 1971 ஆகஸ்டில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தேசியப் பண்பாட்டு மாநாடு நடந்தது. தேசியப் பண்பாடு இவ்வட்டார மக்களின் பண்பாட்டை அடிப்படையாகக் கொள்ள வேண்டும், பிற பண்பாடுகளின் பொருத்தமான கூறுகளை ஏற்கலாம், இஸ்லாம் முக்கியக் கூறு என்று அங்கே வகுத்தார்கள். இதற்குப் பின் அரூப வெளிப்பாட்டியம் ‘இறக்குமதிச் சரக்கு’ என்ற குற்றச்சாட்டைச் சந்தித்தது. என் மாணவர் கேட்ட அதே கேள்வி, நாட்டளவில்! சையட் அஹ்மாட் ஜமாலே ஜொகூர் எல்லையில் இருக்கும் குனோங் லேடாங்கின் கதையையும் முக்கோண வடிவத்தையும் கையில் எடுத்தார். நிறமும் வீச்சும் போகவில்லை. ஒரு மலை வந்து சேர்ந்தது.

‘பொருத்தமான கூறு’ என்ற சொல்லில் நாம் எங்கே இருக்கிறோம் என்று தமிழாசிரியர்களுக்குத் தோன்றாமல் இருக்காது. அதற்கு நான் வகுப்பில் காட்டும் பெயர் சையட் தாஜுதீன். 1943-இல் இராமநாதபுரம் பக்கம் அழகன்குளத்தில் பிறந்து, சிறுவயதில் பினாங்குக்கு வந்தவர். கலை படிக்க லண்டனுக்குப் போகவில்லை, சென்னைக்குப் போனார். 1960-களின் இறுதியில் சென்னை அரசு கலைத் தொழிற் கல்லூரி சாதாரண இடமல்ல. கே.சி.எஸ். பணிக்கர் முதல்வராக இருந்து, ‘மேற்கை வாங்கிக்கொள், ஆனால் உன் மண்ணின் கோட்டில் பேசு’ என்ற விவாதத்தை ஒரு தலைமுறைக்கே மூட்டிவிட்டிருந்தார். 1966-இல் அவர் தலைமையில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானது. அந்தச் சூழலில் படித்த தாஜுதீன் 1970-களின் தொடக்கத்தில் இராமாயணக் காட்சிகளைப் பெரிய அளவில் வரைந்தார். தமிழ்நாட்டில் பிறந்த ஒரு முஸ்லிம், மலேசிய ஓவியராக, இராமாயணம் வரைகிறார். இதில் எது உள்ளூர், எது இறக்குமதி என்று பிரித்துக் காட்டுங்கள் பார்ப்போம்.

அந்த மாணவருக்கு நான் கடைசியில் சொன்ன பதிலும் இராமாயணம் வழியாகத்தான் வந்தது. வால்மீகியை வைத்துத்தான் கம்பர் எழுதினார். ஆனால் மிதிலையில் வில் முறிவதற்கு முன்பே இராமனும் சீதையும் ஒருவரையொருவர் பார்க்கும் காட்சி வால்மீகியில் கிடையாது. களவில் தொடங்கிக் கற்பில் முடியும் அகமரபு தெரிந்த தமிழ்க் கவிஞன் அதைச் சேர்த்தான். கம்பரைக் காப்பி என்று யாராவது சொல்வார்களா? முதல்நூல், வழிநூல் என்று பிரித்து, வழிநூல் எப்படியெல்லாம் அமையும் என்று தொல்காப்பியமே பேசுகிறது. நம் இலக்கணத்துக்கு இது புதிய செய்தியே இல்லை. ஓவியத்துக்கு வந்ததும் ஏனோ மறந்துவிடுகிறோம்.

தேர்வு எழுதுபவர்களுக்கு ஒரு சொல். ‘தாக்கம்’ பற்றிக் கேள்வி வந்தால் ‘பின்பற்றினார்’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். எதை எடுத்தார், எதை விட்டார், எடுத்ததை எந்த வேலைக்குப் பயன்படுத்தினார் என்று படத்தைச் சுட்டிக்காட்டி எழுதுங்கள். ஆண்டுகளைக் குழப்பாதீர்கள்: ‘பாலம்’ குழு 1905 முதல் 1913, லத்திஃபின் பெர்லின் காலம் 1960 முதல் 1964. நடுவில் அரை நூற்றாண்டு இருக்கிறது. லத்திஃப் கிர்ச்னரைச் சந்தித்ததாக ஒரு விடைத்தாளில் படித்து நொந்துபோனேன்.

வகுப்புக்குப் பிறகு ஒரு பணி கொடுத்தேன். உங்கள் வீட்டைச் சுற்றி இருக்கும் இரண்டு பொருட்களை ஒரே வடிவமாக்கி, தடித்த கோட்டில் வரைந்து வாருங்கள் என்று. பெரும்பாலோர் பூவும் வண்ணத்துப்பூச்சியும் கொண்டுவந்தார்கள், அது எப்போதும் நடப்பதுதான். லூக்குட் மாணவர் மட்டும் செம்பனைக் குலையையும் தோட்டத்துக் கோயில் கோபுரத்தையும் ஒன்றாக்கியிருந்தார். பழங்கள் பொம்மைகளாக அடுக்கடுக்காக ஏறின. உச்சியில் கலசம் இருக்க வேண்டிய இடத்தில் முள். “இது யாரப் பாத்துக் காப்பி அடிச்சது?” என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தது. அவர் கொஞ்சம் யோசித்தார். “மொத கோடு மட்டும் ஜெர்மன்காரன்து டீச்சர்” என்றார்.